டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

தென் மாவட்டங்களினின்று வரும் புகைவண்டிகளில் தாம்பரத்தில் இறங்கி, அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திற்கு வழி வினவுவோரை நம்மிற் பலர் கண்டிருப்போம். அந்நிலையத்தை நிறுவிய அம்மையாரின் பெயரை அறியாதார் இலர். அவர்தம் வரலாற்றை அறிந்தோரோ சிலரே.

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசுவாமி ஐயர். அன்னையார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். பெண்மக்களுக்குப் பொட்டுக் கட்டிக் கோயிற்கு ஒப்புவிக்கும் வழக்கம் அம்மரபினரிடையே நிலவிற்று. இதனை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். அம்மையாரின் பிற்காலத் தொண்டு இவ்வேரினின்றே கிளைத்ததென்பது நம் துணிபு.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவர் சேர விழைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாது இடமளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்து, 1912-இற் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தலும் தம் விருப்பங்களிற் குறுக்கிடாமையும் அம்மணத்திற்கு அவர் விதித்த நிபந்தனைகள். அக்காலத்தில் இவ்வாறு கேட்கத் துணிந்த மணமகள் எத்துணையர் இருந்திருப்பர்!

மேனாட்டில் மேற்பயிற்சி பெற்றுத் திரும்பியவர் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்று, 1927-இல் அதன் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் முனைந்து எடுத்த பணி தேவதாசி முறையை ஒழித்தலே. பொட்டுக் கட்டப்பட்ட மகளிர் பலர்க்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. ஆனால் ஊழியம் செய்தாலன்றி நிலம் இல்லை. ஆதலின் வெளியேற விரும்பியவளும் வெளியேற இயலாதிருந்தாள். 1929-ஆம் ஆண்டின் சட்டம் இக்கட்டினை அவிழ்த்தது; ஊழியம் நீங்கியும் நிலம் அவள்பால் நிற்க வழி செய்தது. நோயின் மூலத்தை நாடும் மருத்துவர் கண் இதிற் புலனாகின்றது.

எதிர்ப்புக்கும் குறைவில்லை. சத்தியமூர்த்தியனைய தேசத்தலைவர் எதிர்த்தனர், அது வியப்பன்று. தேவதாசி மகளிரே சங்கங்கூடி, தம் கலையும் வாழ்வும் சொத்துரிமையும் அழியுமென விண்ணப்பித்தனர். இம்முறையீட்டை எளிதில் தள்ளிவிடுதல் தகாதென்றே நாம் கருதுகின்றோம். நடனமும் இசையும் பின்னாளில் வேறு குடும்பத்தாரின் மேடைகளுக்குச் சென்று புகழெய்தின. அவற்றைப் பன்னூறாண்டு காத்த மகளிரோ ஒதுக்குண்டனர். எனினும், தன் கருத்தைக் கூறும் பருவம் எய்தாத சிறுமிக்குப் பொட்டுக் கட்டுதல் எவ்வகையானும் அமையாது. அம்மையார் நின்ற இடம் இதுவே.

1930-இற் காந்தியடிகள் சிறைப்பட்டபோது அம்மையார் பதவியைத் துறந்தார். பொட்டுக் கட்டுதலைத் தடுக்கும் மசோதா கிடப்பில் வீழ்ந்தது. 1947-இல், ஓமந்தூரார் முதலமைச்சராயிருந்த காலத்திலேதான் அது சட்டமாயிற்று. பதினேழாண்டு! ஆனால் அம்முறையினின்று தப்பிவந்த இளம்பெண்கள் அத்துணைக் காலம் பொறுத்திருக்க இயலுமோ? சென்னையில் விடுதிகள் சாதி கேட்டன. சாதி கூற நாணிய அப்பெண்கள் அம்மையார் இல்லத்தை அடைந்தனர். அவர் தம் வீட்டிலேயே இடமளித்தார். அங்ஙனம் தோன்றியதே ஔவை இல்லம். பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றது. சட்டம் பெரிதா, வீடு பெரிதா என நம்மை வினவின், வீடே என்போம்.

தம் தங்கையார் புற்றுநோயால் மாண்டது அம்மையார் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிருந்தது. அந்நோயுற்றோர்க்கெனத் தனி நிலையம் வேண்டுமென நெடுங்காலம் மன்றாடினார். மாதர் சங்கத்தின் துணையொடு பொருள் திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல், அம்மையார்க்கு அறுபத்தெட்டாம் ஆண்டு நடக்குங்காலை, 12 படுக்கைகளே கொண்ட சிறு குடிலாக அது திறக்கப்பட்டது. மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் பொறுப்பை ஏற்றார்.

அம்மையார் 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் காலமானார். 1955-இல் அங்கு வந்து சேர்ந்த இளம் மருத்துவர் சாந்தா, 2021-இல் தாம் மறையுமளவும் அந்நிலையத்தை விட்டு அகன்றிலர்.