சபாநாயகர் ஆசனத்தில் ஒரு புத்தளத்தார்

கடந்த தவணையில் குறிஞ்சிப்பிட்டியில் பத்தாம் தரத்துக்குப் பாராளுமன்றம் பற்றிய பாடம் நடத்தினேன். நாட்டின் முதலாவது முஸ்லிம் சபாநாயகர் யார் என்று கேட்டேன். பாக்கிர் மாக்கார் என்றான் ஒருவன். எம்.எச். முஹம்மத் என்றாள் இன்னொருத்தி. இருவருமே பிந்தியவர்கள். முதலாமவர் நமது புத்தளம் தொகுதியின் உறுப்பினர் என்றதும் வகுப்பு நம்ப மறுத்தது. நானும் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் இதை அறிந்தேன். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு முகமில்லை.

மர்ஹூம் எச்.எஸ். இஸ்மாயில் 1901இல் பிறந்தவர். தொழிலால் புரொக்டர். 1947இல் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலிலேயே புத்தளம் உறுப்பினரானார். 1952இலும் 1956இலும் தொகுதி அவரையே அனுப்பியது.

1956 ஏப்ரலில் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தபோது சபாநாயகராகத் தெரிவானார். ஆசனத்தில் அமர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தனிச்சிங்களச் சட்டமூலம் சபைக்கு வந்தது. அன்று, ஜூன் 5ஆம் திகதி, வெளியே காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினரின் சத்தியாக்கிரகத்தைக் காடையர் தாக்கினர். உள்ளே, தமிழ் பேசும் முஸ்லிம்கள் அனுப்பிய மனிதர் நடுவராக இருந்தார். சபாநாயகர் விவாதத்தில் பேச முடியாது. வாக்குகள் சமமானாலன்றி வாக்களிக்கவும் முடியாது. சாதாரண உறுப்பினராக இருந்திருந்தால் எழுந்து பேசியிருப்பாரா? எனக்குத் தெரிந்து, நம் சமூகத்துக்குக் கிடைத்த பெரிய கௌரவமும் நமது தொகுதியின் வாய்ப்பூட்டும் ஒரே நாற்காலியாக வந்த சந்தர்ப்பம் அது. 1958 கலவரம், 1959 செப்டெம்பரில் பிரதமரின் படுகொலை எல்லாம் கடந்து, அந்த டிசம்பரில் பாராளுமன்றம் கலையும்வரை அவரே ஆசனத்தில் இருந்தார்.

பின்னர் அஸன் குத்தூஸ், நெய்னா மரிக்கார் ஆகியோர் வந்தார்கள். நெய்னா மரிக்கார் நிதியமைச்சர்வரை உயர்ந்தார். 1989இல் விகிதாசாரத் தேர்தல் வந்ததும் புத்தளம் தொகுதி, ஆனமடு, சிலாபம், நாத்தாண்டி, வென்னப்புவ தொகுதிகளோடு ஒரே மாவட்டக் கணக்கில் கரைந்தது. நம் வாக்குகள் கட்சிக்கொன்றாய்ச் சிதறின. 2020இல் தராசுச் சின்னத்தில் ஒன்றுசேர்ந்து கேட்கும்வரை மாவட்டத்தில் வாக்குகளால் தெரிவான உறுப்பினர் நமக்கு இல்லை. முப்பத்தொரு வருடம்! கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டபோது பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இஸ்மாயில் அவர்களின் நல்ல புகைப்படம் ஒன்று வாசகர் எவரிடமாவது இருந்தால் பிரதி தந்துதவுங்கள். வகுப்பறைச் சுவரில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.