மலையைக் காதலித்த பையன்

பதினாறு வயதில் முதல் காதல் வந்தால் பாடத்தில் மனம் நிற்காது. காசில்லாமலே ஊரை விட்டுக் கிளம்பத் தோன்றும். சினிமாவில் பார்த்துச் சிரிக்கிறோம். திருச்சுழிப் பையன் ஒருவனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆனால் அவன் காதலித்தது பெண்ணை அல்ல, ஒரு மலையை!

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, மழைக்கு ஏங்கும் வறண்ட சீமையில் உள்ளது திருச்சுழி. அங்கே வக்கீல் சுந்தரமய்யருக்கும் அழகம்மாளுக்கும் 1879 டிசம்பர் 30-ந் தேதி பிறந்தான் வேங்கடராமன். 1892-ல் தந்தை இறந்தார். மதுரையில் சிற்றப்பா வீட்டில் வளர்ந்தான்.

விளையாட்டில் சூரன், தூக்கத்தில் கும்பகர்ணன்! விழித்திருக்கும்போது அவனுக்குப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிப்போய் அடித்துவிட்டு, மறுபடி கொண்டுவந்து படுக்க வைப்பார்கள். அவனுக்கு எதுவும் தெரியாது.

1895 நவம்பரில் ஓர் உறவினர் வந்தார். அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பையனுக்கு உடல் சிலிர்த்தது. திருவண்ணாமலைதான் அருணாசலம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டான்.

மறு ஆண்டு ஜூலையில் திடீரென்று மரண பயம் பிடித்தது. உடல் செத்தாலும் தான் சாவதில்லை என்று தெளிந்தான். அதன்பின் பள்ளிப் பாடம் கசந்தது.

1896 ஆகஸ்ட் 29. அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்ட 5 ரூபாய் கைக்கு வந்தது. 3 ரூபாய் எடுத்துக்கொண்டான். மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பினான். பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான். திருவண்ணாமலைக்கே ரயில் ஓடுவது அந்தப் படத்தில் இல்லை! ரயிலில் ஒரு மௌல்வி வழி சொல்ல, விழுப்புரத்தில் இறங்கினான். கையில் சில அணாக்களே மிச்சம். நடந்தான், பசித்தான், காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினான். செப்டம்பர் 1-ந் தேதி மலையடிவாரம் சேர்ந்தான். அவனே ரமண மகரிஷி.

பெற்றவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! மகனைத் தேடி 1898-ல் வந்தார் அழகம்மாள். அழுதார், வீட்டுக்கு வரும்படி மன்றாடினார். மௌனமாக இருந்த மகன், வரமுடியாது என்பதை எழுதிக் காட்டினார். தாய் வெறுங்கையோடு திரும்பினார்.

ஆனால் 1916-ல் மகனோடு வாழத் தாயே மலைக்கு வந்துவிட்டார். 1922 மே 19-ந் தேதி உயிர் பிரியும்போது, மகனின் கை அவர் தலைமீதும் மார்பின்மீதும் இருந்தது.

ரமணர் 1950 ஏப்ரல் 14-ந் தேதி மறைந்தார். வந்து சேர்ந்த நாள் முதல் 53 ஆண்டுகளுக்கும் மேலாக, அவர் அந்த மலையை விட்டுப் போகவே இல்லை.