கடலைக் கேள்வி கேட்ட இராமன்

முள்ளிக்குளக் கரையில் நின்று மன்னார்க் கடலை நோக்கும் நாம், அதன் நீலத்தைக் கண்டு மகிழ்கின்றோமேயன்றி, அந்நீலம் எங்ஙனம் வந்தது என வினவுவதில்லை. வானத்தின் சாயலே நீரில் தெறித்துத் தோன்றுகின்றதென இங்கிலாந்துப் பேரறிஞர் இறேலிப் பிரபுவும் கருதினார். அக்கருத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிந்த தமிழ் மகனார் சேர் சி. வி. இராமனின் வரலாறு நம் மாணாக்கர் அறியத்தக்கது.

1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் இராமன் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907 இல் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியாயினார். பகலிற் கணக்கேடும், காலையும் மாலையும் ஆய்வுகூடமுமாகப் பத்தாண்டுகள் கழிந்தன. 1917 இல் வருவாய் குறையுமென அறிந்தும் அப்பதவியைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921 இல் இங்கிலாந்து சென்று நர்க்குண்டா என்னுங் கப்பலில் மீண்டவர், நீரின் மேற்பரப்பில் தெறிக்கும் ஒளியைத் தக்க கோணத்தில் அவித்துவிடவல்ல நிக்கோல் அரியமொன்றைக் கையிற்கொண்டு கடலை நோக்கினார். வானத்தின் சாயல் மறைந்தது. நீலமோ மறையவில்லை, முன்னினும் ஆழ்ந்து விளங்கிற்று. நீர் செங்கதிரை உறிஞ்சுவதும், அதன் மூலக்கூறுகள் நீலக்கதிரை மிகுதியாகச் சிதறச்செய்வதுமே அந்நிறத்துக்குக் காரணமென இன்று அறிவோம். அவ்வினாவின் வழியே சென்றவர் 1928 இல் இராமன் விளைவைக் கண்டு, 1930 இல் நோபெல் பரிசு பெற்றார்.

ஈண்டு இறேலியின் பெருமையையும் மறத்தலாகாது. ஒன்றோடொன்று இசையாத எண்ணிறந்த அதிர்வுகள் வந்து கூடுங்கால், ஒருகணத்து வலிமையை முன்னறிய இயலாது; ஆயினும் பல கணங்களின் வலிமைகள் எவ்வாறு பரந்திருக்கும் எனக் கணிக்கலாம். இந்நியதியை அவர் 1880 இல் வகுத்தார். இராமனின் மாணாக்கர் ஜி. என். இராமச்சந்திரன், நுண்பொடிகளாற் சிதறிய ஒளியிலும் அந்நியதி நிலவுதலை 1943 இல் ஆராய்ந்து காட்டினார். இராமன் 1970 நவம்பர் 21 ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

ஒளிக்குரிய இந்நியதி நம் கடற்றொழிலாளர்க்கும் உரியது. கப்பலின் றேடார் அனுப்பும் அலை, கடலின் எண்ணற்ற சிற்றலைகளிற் பட்டு மீள்கின்றது. பரந்த நீர்ப்பரப்பினின்று மீள்வன பெரும்பாலும் இறேலியின் நியதிக்கு அமைவன. கற்றை சுருங்கி, கடலைத் தாழ்ந்து நோக்குங்காலோ, நியதி கூறுவதினும் அடிக்கடி வலிய தெறிப்புகள் எழுந்து வள்ளம்போற் காட்டும். பொய்த்தோற்றத்துக்கு அஞ்சி எல்லையை உயர்த்தினால், மெய்யான வள்ளமே திரையினின்று மறைந்துவிடும். மரத்தாலும் கண்ணாடியிழையாலும் ஆன சிறு வள்ளங்கள் அலையை மெலிதாகவே திருப்புவன. ஆதலின் இரவிற் கடல்மேற் செல்லும் நம்மவர் உயிர், அவ்வெல்லையைச் சரியாக வகுக்கும் கணக்கிலும் தங்கியுள்ளது.

கப்பற்றளத்தில் நின்று கடல் ஏன் நீலமென வினவியவர்க்கு இவ்வள்ளங்கள் நினைவில் இருந்திரா. ஆயினும் மேற்பரப்பில் தெறிப்பது எது, அதனுள் மறைந்து நிற்பது எது எனப் பிரித்தறியும் வினா இரண்டிடத்தும் ஒன்றே. பெரியோர் கூற்றையும் பணிவோடு சோதிக்கும் அவ்வுள்ளம் நம் கல்லூரி மாணாக்கரிடத்தும் தழைக்க வேண்டுமென்பதே நமது விழைவு.