லூயி பாஸ்டியரும் உயிரின் தோற்றமும்

வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்ற அளவில் லூயி பாஸ்டியரின் பெயரை நம் நாட்டில் அறியாதார் சிலரே. நீலகிரியிலுள்ள குன்னூரில் 1907-ஆம் ஆண்டு முதல் அவர் பெயர் தாங்கி நிற்கும் ஆராய்ச்சி நிலையம் அப்புகழுக்குச் சான்று பகர்கின்றது. ஆயினும், மருத்துவத் துறையில் அடியெடுத்து வைக்குமுன் இளமையிலேயே அவர் கண்ட ஓர் உண்மை, உயிரற்ற பொருளினின்றும் உயிர் எவ்வாறு தோன்றியிருத்தல் கூடும் என்னும் பெருவினாவோடு பிணைந்து நிற்பதைப் பலர் அறியார். அதனை இங்குச் சுருங்கக் கூறுவாம்.

பாஸ்டியர் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27-ஆம் நாள் பிரான்ஸ் தேசத்து டோல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் நெப்போலியனது சேனையில் போர்வீரராயிருந்து, பின்னர்த் தோல் பதனிடும் தொழிலால் குடும்பம் நடத்தியவர். ஆர்புவா என்னும் சிற்றூரில் வளர்ந்த பாஸ்டியர் இளமையில் ஓவியந் தீட்டுவதில் வல்லவராய் விளங்கினார். தந்தையாரின் ஆவலும் தம் விடாமுயற்சியும் துணைநிற்கப் பாரிஸ் நகரத்து எக்கோல் நார்மல் கல்லூரியை அடைந்து இரசாயனம் பயின்றார்.

திராட்சை மது வைக்கும் பீப்பாய்களில் படியும் உப்பினின்றும் டார்டாரிக் அமிலம் கிடைக்கின்றது. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதன் கரைசலூடே செலுத்தினால், அத்தளம் வலப்புறமாகத் திரும்பும். இயைபில் அதனை முற்றும் ஒத்த வேறோர் அமிலமோ ஒளியைச் சிறிதும் திருப்புவதில்லை. இவ்வேறுபாட்டின் காரணம் யாதென அறிஞர் மயங்கினர். 1848-ல், இருபத்தைந்து வயதினரான பாஸ்டியர், இரண்டாம் அமிலத்தின் உப்புப் படிகங்களைக் கூர்ந்து நோக்கினார். அவற்றுட் சில வலப்பக்கம் சாய்ந்த முகங்களும், சில இடப்பக்கம் சாய்ந்த முகங்களும் உடையனவாயிருந்தன. வலக்கையும் இடக்கையும்போல ஒன்று மற்றொன்றன் கண்ணாடி நிழலாய் அமைந்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி இரு குவியல்களாக்கினார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலமாகவும், மற்றதன் கரைசல் இடமாகவும் திருப்பிற்று. சம அளவாய்க் கலந்தபோது திருப்பம் ஒழிந்தது. ஒளியாராய்ச்சியில் முதிர்ந்த பியோ என்னும் பெரியார் இதனை ஐயுற்றுத் தம் கண்முன்னே மீண்டும் செய்யுமாறு பணித்தார். மெய்யென்று கண்டவுடன் உள்ளம் நெகிழ்ந்து இளைஞரைத் தழுவாத குறையாய்ப் பாராட்டினார்.

மூலக்கூறுகளிலும் இடமும் வலமும் உண்டென்பது இதனால் விளங்கிற்று. சில ஆண்டுகள் கழித்து, இருவகையும் கலந்த கரைசலில் வளர்ந்த ஒருவகைப் பூஞ்சணம் வலவகையை உண்டு இடவகையை விட்டுவைத்ததையும் அவர் கண்டார். உயிர் ஒருபக்கத்தையே தேர்கின்றது. உயிரற்ற இரசாயனமோ இரண்டையும் சமமாகவே ஆக்குகின்றது. இதுவே உயிருக்கும் உயிரின்மைக்கும் இடையிலுள்ள எல்லை என அவர் கருதினார். அவ்வொருபக்கச் சார்பினைக் காந்தத்தின் ஆற்றலால் உண்டாக்க முயன்றும் அவர் வெற்றி காணவில்லை.

பின்னர், அழுகும் பொருள்களில் உயிர்கள் தாமே தோன்றுகின்றன என்று புஷே என்பார் 1859-ல் வலியுறுத்தினார். பாஸ்டியர் அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்த நீண்ட கழுத்துடைய குடுவைகளில் சாற்றைக் கொதிக்கவைத்தார். காற்று உட்புகுந்தும், தூசியும் கிருமியும் வளைவில் தங்கிவிட்டமையால் சாறு கெடாமல் தெளிவாகவே நின்றது. கழுத்தை முறித்தவுடன் கிருமிகள் பெருகின. 1864-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் சொர்போன் மண்டபத்தில் அவர் இதனை விளக்கியபோது வழக்கு முடிந்ததென்றே பலரும் எண்ணினர். இறைவன் படைப்புக்கு இஃது இரசாயனம் தந்த சான்று என மகிழ்ந்தாரும் உளர். பாஸ்டியரும் பக்தியுடையவரே. எனினும், இருபது ஆண்டுகள் தேடியும் தாம் காணாத ஒன்றை நடக்கவொண்ணாதது என்று தாம் தீர்ப்பதில்லை என 1878-ல் எழுதிவைத்தார். தம் குடுவை காட்டியதற்கு அப்பால் ஓர் அடியும் செல்ல அவர் ஒருப்படவில்லை.

இவ்வுழைப்பினிடையே மூன்று பெண்மக்களை இழந்தார். 1868-ல் வாதநோயால் இடப்பக்கம் செயலிழக்கப் பெற்றும் ஓயாதுழைத்து, 1885-ல் ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனை வெறிநாய்க்கடியினின்றும் காத்தார். 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் திறந்துவைத்த வினா அவரோடு மறையவில்லை. 1953-ல் ஸ்டான்லி மில்லர் என்னும் அமெரிக்கர் நீராவி, மீதேன், அம்மோனியா, ஹைட்ரஜன் ஆகியவற்றினூடே மின்பொறி செலுத்திப் புரதங்களுக்கு உறுப்பாகிய அமினோ அமிலங்களைப் பெற்றார். அவை இடமும் வலமும் சமமாய்க் கலந்திருந்தன. நம் உடலின் புரதங்களோ இடவகையாலேயே ஆனவை. 1961-ஐ ஒட்டி அன்ஃபின்சன் என்பார், விரித்துக் குலைத்த ஒரு புரதச் சங்கிலி தக்க சூழலில் தானே மடிந்து பண்டைய வடிவையும் தொழிலையும் மீளப்பெறுவதைக் காட்டினார். சங்கிலியின் வரிசையிலேயே அதன் வடிவம் அடங்கியுள்ளது. ஆனால் இடமும் வலமும் ஒழுங்கின்றிக் கலப்பின் அச்சுருளும் மடிப்பும் அமையா. ஆகவே, எல்லாவற்றிற்கும் முன்னர் ஒரு பக்கம் தேரப்பட்டது எவ்வாறு என்பதே உயிர்த்தோற்ற ஆராய்ச்சியின் பெருஞ்சிக்கல்களுள் ஒன்றாய் இன்றும் நிற்கின்றது.

உயிர் தானே தோன்றுமென்ற கொள்கையை வீழ்த்திய அதே கையே அத்தோற்றத்தை ஆராய்வார்க்கு முதல் வினாவையும் எடுத்துத் தந்தது. கண்டதை அஞ்சாது கூறுதலும், காணாததைக் கண்டதாகக் கொள்ளாமையும் கற்போர்க்கு உரிய இரு கண்கள் என்பதனை இப்பெரியாரின் வாழ்க்கை நமக்கு அறிவுறுத்துகின்றது.