நூல்கள் வளர்த்த எழுத்தாளர்: மக்சிம் கோர்க்கி

கதை எழுத விழைவோர்க்கு முதலிற் சொல்லப்படும் அறிவுரை, நிறைய வாசிக்க வேண்டும் என்பதாகும். எவ்வாறு வாசித்தல் வேண்டும் என எடுத்துரைப்போர் மிகச் சிலரே. இதனை விளக்குதற்கு ருஷ்ய எழுத்தாளர் மக்சிம் கோர்க்கியின் வாழ்க்கையினும் சிறந்ததோர் உதாரணத்தை யான் அறியேன்.

கோர்க்கி 1868ஆம் ஆண்டு வொல்கா நதிக்கரையிலுள்ள நிஸ்னி நொவ்கொரட் நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அலெக்சி பெஷ்கொவ். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை வாந்திபேதி கொண்டுபோயிற்று. சாயப்பட்டறை நடத்திய பாட்டனார் வீட்டில் அவர் வளர்ந்தார். எழுத்தறிவித்தவரும் பாட்டனாரே, பிரம்பால் அடித்தவரும் அவரே. பாட்டியாரோ இரவுதோறும் பழங்கதைகள் சொல்லிப் பேரனின் உள்ளத்தைக் குளிர்வித்தார். 1879இல் தாயும் இறக்கவே, உழைத்துண்ணுமாறு பாட்டனார் அவரை வெளியே அனுப்பினார். அப்பொழுது வயது 11. பள்ளிப் படிப்பும் அத்துடன் முடிந்தது.

சப்பாத்துக் கடையில் ஏவலாளாகவும், கட்டடப் படம் வரைவோர் ஒருவர் வீட்டில் எடுபிடியாகவும் இருந்த பின்னர், வொல்காவில் ஓடிய நீராவிக் கப்பலொன்றிற் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அக்கப்பலின் சமையற்காரர் ஸ்மூரி என்பவர். உருவத்தாற் பெரியர், முரடர். ஆயினும் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். சிறுவனை அருகிருத்தி உரக்க வாசிக்கச் செய்து கேட்பது அவர் வழக்கம். கோகொல் எழுதிய தாராஸ் புல்பா கதையை வாசித்தபோது அம்முரடர் கண்ணீர் விட்டழுதார். அச்சிட்ட எழுத்து, கல்லான மனத்தையும் உருக்கவல்லது என்பதைச் சிறுவன் அன்று கண்டான். ஸ்மூரியைத் தம் ஆசிரியருள் ஒருவராகவே பிற்காலத்தில் அவர் போற்றினார்.

மீண்டும் படம் வரைவோர் வீட்டுக்கு வந்தபோது வாசிப்பு குற்றமாயிற்று. இரவில் வாசிக்கின்றானோ என்றறிய வீட்டுக் கிழவி மெழுகுதிரியை அளந்து வைப்பாள். சிறுவன் செப்புப் பாத்திரத்தை நிலவொளியிற் பிடித்து, அதன் ஒளியைத் தாளில் வீழ்த்தி வாசிக்க முயன்றான். ஒருநாள் தேநீர்க் கொதிகலன் வற்றிப் பழுதடைந்தது. கிழவி விறகுச் சிராய்க் கட்டால் அடித்தாள். முதுகிற் பாய்ந்த சிராய்களை வைத்தியர் ஒவ்வொன்றாக எடுக்க நேர்ந்தது. முறையிடுமாறு வைத்தியர் கூறியும் சிறுவன் மறுத்தான். அதற்குக் கைம்மாறாக எசமானர் யாது வேண்டும் என வினவ, அவன் கேட்டது புத்தகம் வாசிக்கும் அனுமதி ஒன்றே.

இங்ஙனம் அரிதிற் பெற்ற நூல்களை அவர் மேலோட்டமாக வாசித்தாரல்லர். பால்சாக்கின் கதையில் வரும் உலோபியைத் தம் பாட்டனாரோடு ஒப்பிட்டு நோக்கினார். புளோபேரின் கதையொன்று எளியதோர் பணிப்பெண்ணின் வாழ்க்கையைக் கூறுவது. வியக்கத்தக்க நிகழ்ச்சி எதுவுமில்லாத அக்கதை தம் நெஞ்சை இவ்வளவு தூரம் அசைத்தது எவ்வாறு என அவர் திகைத்தார். சொற்களுக்கிடையே மாயவித்தை ஏதும் ஒளிந்துள்ளதோ எனத் தாள்களை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாராம். இச்செயல் நகைப்புக்குரியதன்று. கதையை நுகரும் வாசகன், கதை செய்யும் முறையைத் தேடுபவனாக மாறிய கணம் அதுவே.

1884இல் பல்கலைக்கழகம் புகும் ஆசையுடன் கசான் நகரஞ் சென்றார். பணமின்மையால் அது கைகூடவில்லை. துறைமுகத்திற் சுமை தூக்கியும் பேக்கரியில் மாப் பிசைந்தும் வாழ்ந்தார். பின்னர் நீண்டதோர் கவிதை இயற்றி, புகழ்பெற்ற எழுத்தாளர் கொரொலென்கோவிடம் காட்டினார். அவர் குறைகளை ஒளியாமல் எடுத்துக்காட்டவே, மனமுடைந்து நெடுங்காலம் எழுதாதிருந்தார். வாசிப்பு மட்டும் எழுத்தாளனை ஆக்கிவிடாது என்னும் உண்மை அவருக்குக் கசப்பாகவே விளங்கியது. 1891இல் கால்நடையாகத் தென் ருஷ்யா முழுதும் அலைந்து, திபிலிஸ் நகரை அடைந்தார். வழியிற் கண்டவற்றை அவர் சொல்லக் கேட்ட நண்பர் ஒருவர், அவற்றையே எழுதுமாறு தூண்டினார். 1892இல் மக்கார் சுத்ரா என்னும் முதற்கதை பத்திரிகையில் வெளிவந்தது. கசப்பு எனப் பொருள்படும் கோர்க்கி என்ற புனைபெயரை அப்பொழுதே பூண்டார். முன்னர்க் குறைகூறிய கொரொலென்கோவே பின்னர் அவர்க்கு வழிகாட்டியானார்.

1906இல் வெளிவந்த தாய் என்னும் நாவல் உலகெங்கும் பரவிற்று; ரகுநாதனின் மொழிபெயர்ப்பால் தமிழருக்கும் உரியதாயிற்று. 1918இல், பஞ்சம் மிக்க பெத்ரொகிராட் நகரில், உலக இலக்கியங்களை ருஷ்ய மொழியில் வெளியிடும் பதிப்பகத்தை அவர் நிறுவினார். பசித்திருந்த எழுத்தாளர் பலர்க்கு அது சோறிட்டது. நூல்களிடம் பட்ட கடனை அவர் தீர்த்த வகை அது. 1936இல் அவர் காலமானார்.

நமது கல்லூரி நூல்நிலையத்தில் மெழுகுதிரியை அளப்பார் எவருமிலர். கதை எழுதக் கருதும் மாணவர் ஒரு நூலை முதன்முறை வாசித்து இன்புறுக. மறுமுறை அவ்வின்பம் எவ்வாறு விளைந்தது எனத் தேடுக. பின்னர் நூலை மூடிவைத்துத் தாம் கண்ட வாழ்க்கையை எழுதுக. கோர்க்கி நடந்த வழி இதுவே.