ஸெல்போர்ன் பாதிரியார்

1757-ம் வருஷம் பிளாசி யுத்தம் நடந்து, வங்காளம் கம்பெனியார் வசமாகத் தொடங்கிற்று. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் ஒரு சாதாரணப் பாதிரியார், தம் தோட்டத்து முலாம்பழப் பாத்திகளையும் அன்றன்றைய பனியையும் மழையையும் பற்றி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கிளைவின் சரித்திரத்தை நமக்குப் பள்ளியில் நெட்டுருப் போட வைத்தார்கள். கில்பர்ட் ஒயிட்டின் சரித்திரத்தைச் சொல்லிக்கொடுத்தார் இல்லை. நஷ்டம் நமதே.

1720-ல் ஸெல்போர்ன் கிராமத்தில் பிறந்த ஒயிட், ஆக்ஸ்போர்டில் கற்றுத் தேறியவர். வெளியூரில் பெரிய பதவிகளுக்கு முயன்றிருக்கலாம். ஊரை விட்டுப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. 1768 முதல் மரணபரியந்தம் தினக்குறிப்பு எழுதினார். உருவத்தால் பிரித்தறிய முடியாத மூன்று சிறு குருவி இனங்களை அவற்றின் குரலைக் கேட்டே வேறுபடுத்தினார். குடியானவர்கள் வெறுத்த மண்புழுவே நிலத்தை வளமாக்குகிறதென்று 1777-ல் எழுதினார். டார்வின் அப்புழுவைப் பற்றித் தம் நூலை வெளியிட்டது 1881-ல்தான்.

1783-ம் வருஷக் கோடையில் ஏறக்குறைய ஒரு மாத காலம் விசித்திரமான புகைமூட்டம் கவிந்து, நடுப்பகல் சூரியன் மங்கிய சந்திரனைப்போல் தோன்றிற்று. ஜனங்கள் உற்பாதமென்று நடுங்கினர். அவருக்கும் அச்சம் இல்லாமலில்லை. ஆயினும் நாள் தவறாமல் குறித்து வைத்தார். ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலையே அதற்குக் காரணமென்பதை இன்று நாம் அறிவோம்.

மறு வருஷம் டிசம்பரில் பெருங்குளிர். உஷ்ணமானி பாரன்ஹீட் பூஜ்யம் வரை இறங்கியது. மேட்டிலுள்ள நியூடன் கிராமத்திலோ குளிர் குறைவு! மேட்டில்தானே குளிர் அதிகமிருக்க வேண்டும்? நியூடனிலிருந்த கருவியின்மீதே அவருக்குச் சந்தேகம் பிறந்தது. இரண்டு ஊர்க் கருவிகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே அளவைக் காட்டின. பிறகே பள்ளத்தில் குளிர் அதிகமென்று ஒப்புக்கொண்டார். பொதுக் காரியங்களில் ஈடுபட்ட நம்மில் எத்தனை பேர், ஒரு செய்தியை நம்புமுன் இவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்கிறோம்?

அவரும் பிழை செய்யாதவரல்லர். தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் கடல் கடந்து செல்வதை ஜிப்ரால்டரிலிருந்த அவர் சகோதரரே கண்டு எழுதியிருந்தார். ஆயினும், சில குருவிகளாவது உள்ளூர்ப் பொந்துகளில் உறங்கிக் கிடக்குமென்ற எண்ணத்தை அவரால் இறுதிவரை விட முடியவில்லை. 1781-ல் ஆட்களைக்கொண்டு குன்றின் புதர்களில் தேடியும் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். அவரிடம் நமக்கு மதிப்பு மிகுவது இவ்விடத்தில்தான்.

அவர் வளர்த்த ஆமைக்கு ‘திமோதி’ என்று ஆண் பெயர். ஊதுகுழல் வைத்துக் கூவியும் அது செவிசாய்க்கவில்லையாம். அது பெண் ஆமையென்பது அவர் காலத்துக்குப் பின்னரே தெரியவந்தது.

அவர் கடிதங்கள் 1789-ல் புத்தகமாயின. அன்று முதல் இன்றுவரை அச்சில் இருந்து வருகின்றன. 1793 ஜூன் 26-ந்தேதி, பிறந்த ஊரிலேயே காலமானார். அவருடைய கல்லறைக் கல்லில் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும் அந்தத் தேதியும் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கின்றன.