சூட்டிலிருந்து மின்சாரம் கண்ட சீபெக்

எடிசனைப் பற்றி எழுதாத சுவர் இதழே கிடையாது. அதனால நான் இந்தத் தடவை தாமஸ் யோகான் சீபெக்கை எடுத்துக்கொண்டேன்.

இன்று எஸ்டோனியாவின் தலைநகராக இருக்கும் தாலினில் 1770 ஏப்ரல் 9 அன்று, வசதியான வணிகர் குடும்பத்தில் பிறந்தார். ஜெர்மனியில் மருத்துவம் படித்து 1802-ல் பட்டம் வாங்கினார். ஆனா மனசு முழுக்க இயற்பியல்தான். கவிஞர் கதேயோடு சேர்ந்து நிறங்களைப் பற்றிக்கூட ஆராய்ந்தார்.

1821, பெர்லின். செம்பு, பிஸ்மத் பட்டைகளை இரண்டு முனையிலும் இணைத்து வளையமாக்கி, நடுவில் காந்த ஊசியை வைத்தார். ஒரு முனையை மட்டும் சூடாக்கினார். பேட்டரி கிடையாது, ஒண்ணும் கிடையாது, ஊசி திரும்பிச்சு! இரண்டு முனையும் ஒரே சூட்டுக்கு வந்தா ஊசி பழையபடி நின்றுவிடும். அதாவது சூடு மட்டும் போதாது, வெப்பநிலை வித்தியாசம் வேணும். சீபெக் விடவில்லை. உலோகங்களை மாற்றி மாற்றிச் சோதித்து, எது அதிகம் எது குறைவு என்று வரிசைப் பட்டியலே போட்டார்.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-லேயே டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் கண்டுபிடித்திருந்தார். சீபெக்கின் வளையத்தில் ஓடுவதும் மின்சாரமே என்று சொல்லி, வெப்ப மின்சாரம்னு பேர் வைத்தவரும் அவரே. சீபெக் ஒத்துக்கவே இல்லை! சூடு உலோகத்தைக் காந்தமாக்குது என்றே சாதித்தார். பூமி காந்தமா இருப்பதற்கும் துருவத்துக்கும் நிலநடுக்கோட்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசமே காரணம்னு நினைத்தார். எனக்குச் சிரிப்பு வரலை. கண்ணுக்குத் தெரிந்தது காந்த ஊசி மட்டும்தானே? ஆனா அவ்வளவு கவனமா பட்டியல் போட்டவர், ஆர்ஸ்டெட் சொன்னதையும் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாமேன்னு ஆதங்கம். இன்று புத்தகத்தில் அது 'சீபெக் விளைவு'!

அந்தக் கால மின்கலங்களில் மின்னோட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அதனால 1826-ல் ஓம், செம்பு-பிஸ்மத் ஜோடியின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்துச் சீரான மின்சாரம் எடுத்தார். நாம படிக்கிற ஓம் விதி அப்படி வந்ததுதான். ஆனா 100 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு ஜோடி தருவது சுமார் 7 மில்லிவோல்ட். ஒரு டார்ச் செல்லுக்கு ஈடாக 200 ஜோடிக்கு மேல வேணும்!

சீபெக் 1831 டிசம்பர் 10 அன்று பெர்லினில் காலமானார். 1977-ல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் போகிற தூரத்தில் சூரிய ஒளியை நம்ப முடியாது. அதனால புளூட்டோனியத்தின் சூட்டை இதே முறையில்தான் மின்சாரமாக்குகின்றன. அந்த மின்னாக்கியில் சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. கிளம்பும்போது சுமார் 470 வாட். வருஷத்துக்கு 4 வாட் போலக் குறைந்துகொண்டே வந்தும், 2025-லும் பூமிக்குச் செய்தி அனுப்பின.